கிளுவை வேலிக்கு வந்த விலை

சின்ன வயதில் என் அண்ணன் என்னைத் தேவாங்கு என்றுதான் கூப்பிடுவான். ஒட்டிய கன்னமும் உருண்டைக் கண்ணுமாக நானும் அப்படித்தான் இருந்தேன். பிற்காலத்தில் அந்தத் தேவாங்கைக் காப்பாற்றுவதே என் சம்பள வேலையாக ஆனபோது, தேவாங்குக்குத் தேவாங்கே வக்கீலா வந்திருக்கு என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். இப்போது ஊருக்குப் போனால் வா, சாப்பிடு, எப்பப் போறே என்பதோடு அவன் பேச்சு முடிந்துவிடுகிறது.

நான் படித்தது சுற்றுச்சூழல் பொருளாதாரம். அப்படியென்றால் என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு ஒரே பதிலைத்தான் வைத்திருந்தேன். மரத்தை வெட்டாதே என்று போர்டு வைத்தால் எவனும் மதிக்க மாட்டான். வெட்டாமல் விட்டால் உனக்கு இன்ன வருமானம் என்று காட்டினால் அவனே காவல் இருப்பான். அந்த வருமானத்தை யாருக்கு, எதற்காக, என்ன சோதனைக்குப் பிறகு கொடுப்பது என்று வகுத்துத் தருவதுதான் என் தொழில். கடலோரத்தில் அலையாத்திக் காட்டுக்கு வகுத்திருக்கிறேன். மலையில் காபித் தோட்டங்களுக்கு நடுவே நிற்கிற பழைய மரங்களுக்கு வகுத்திருக்கிறேன். அப்பா இருந்தவரை, "காத்துக்கு வெல போடுறா எம் மக" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அது பெருமையா நக்கலா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பெருமை என்றே வைத்துக்கொண்டேன். படித்தவர்களுக்கு அந்த வசதி உண்டு.

எங்கள் ஊர் வேடசந்தூர்ப் பக்கம், மானாவாரிப் பூமி. வயல் என்று சொல்ல மாட்டோம், காடு என்போம். மழை பெய்தால் சோளம், கடலை. போர்வெல்லில் கொஞ்சம் கசிந்தால் முருங்கை. ஒரு காட்டுக்கும் அடுத்த காட்டுக்கும் நடுவே நிற்பது கிளுவை வேலி. போத்தை, அதாவது கிளையை, வெட்டி நட்டால் தண்ணீர் ஊற்றாமலே பிழைத்துக்கொள்ளும். முள்ளும் உண்டு, வெள்ளாட்டுக்குத் தழையும் உண்டு. வருசம் போகப் போக ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து, கோவைக்கொடியும் பிரண்டையும் மேலே ஏறி, உள்ளே கவுதாரி, கீரி, ஓணான் என்று ஒரு தனிக் குடித்தனமே நடக்கும். பக்கத்து மலைக்காட்டுத் தேவாங்கு தரையில் கால் வைக்காமல் இந்த வேலி வழியாகவேதான் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகும். வேலி போனால் அதற்குப் பாதை போயிற்று. இப்போது கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் எல்லாம் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் திட்டம் போட்டேன். உயிர்வேலியை விட்டு வைப்பவருக்கு, அதன் நீளத்துக்குத் தக்கபடி, வருசா வருசம் ஒரு தொகை. நிதி வெளிநாட்டில், அலுவலகம் பெங்களூரில், வேலி எங்கள் ஊரில்.

இந்த வேலிக்கு ஒரு முறை உண்டு. அது யாருடையது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. அவரவர் பக்கத்தை அவரவர் கழித்துவிட வேண்டும்; கழித்த தழை அவரவர் ஆட்டுக்கு. உச்சியை முடிந்தவர் வெட்டுவார். ஒரு போத்து பட்டுப்போனால் எந்தப் பக்கத்துக்காரர் மறுபடி நட்டாலும் அதற்குக் கணக்குக் கிடையாது. எல்லைக்கல் வேலித்தூருக்குள் எங்கேயோ புதைந்து கிடக்கும். வரப்பில் ஒரு சாண் தள்ளி உழுதால் வெட்டுக்குத்து வரைக்கும் போகிற ஊர்தான். ஆனாலும் வேலி தின்றுபோட்ட அகலத்தை மட்டும் யாரும் அளந்ததில்லை.

எங்கள் காட்டுக்கும் அத்தை வீட்டுக் காட்டுக்கும் நடுவே அப்படி ஒரு வேலி நின்றது. அக்காவை அந்த அத்தை மகனுக்குத்தான் கொடுத்திருந்தது. தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் கல்யாணம். காட்டிலேயே இரண்டு வீடும் என்பதால், அக்கா பிறந்த வீட்டை விட்டுப் போனது ஒரு வேலி தூரம்தான். வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து விட்டிருந்தார்கள், கடவு என்போம். சாயங்காலம் ஆனால் அந்தக் கடவு வழியாக, ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி, தூக்குச்சட்டியில் குழம்பு வெஞ்சனத்தோடு அக்கா வருவாள். மதினி, அதாவது அண்ணன் மனைவி, மில்லில் வேலை பார்க்கிறவள். ஷிப்ட் முடிந்து மில் பஸ்ஸில் வந்து இறங்க இருட்டிவிடும். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, அடுப்படியில் நிற்க முடியாது. அக்காதான் சோறு போட்டு, தலை வாரிவிட்டு, அண்ணனைப் பற்றி அம்மாவிடமும் அம்மாவைப் பற்றி அண்ணனிடமும் கோள் சொல்லிவிட்டுப் போவாள். அம்மா காலையிலிருந்து காத்திருப்பது அந்தச் சாயங்காலத்துக்குத்தான்.

திட்டத்தைச் சொல்வதற்குத் திண்டுக்கல்லில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டோம். வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயிகள் வேன் பிடித்து வந்தார்கள். அண்ணனும் அக்கா புருஷனான மாமாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுப் பெண் மைக் பிடித்துப் பேசுகிறாள் என்ற மிதப்பு இரண்டு முகத்திலும் இருந்தது. ஒருவர் எழுந்து, வேலி ரெண்டு காட்டுக்கும் பொதுவாச்சே, காசு யாருக்கு என்று கேட்டார். ஆளுக்குப் பாதி என்று சொன்னேன். என் திட்டத்தில் அப்படித்தான் இருந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிரியாணி வந்துவிட்டது.

பெங்களூர் அந்தப் பாதியை ஏற்கவில்லை. ஒரே வேலிக்கு இரண்டு பேர் பணம் வாங்கினால் அது இரட்டைக் கணக்கு, தணிக்கையில் மாட்டும் என்றார்கள். சாப்ட்வேரில் ஒரு வேலிக்கு ஓர் உரிமையாளர் பெயரைத்தான் போட முடியும். மற்றவர், அது அவருடைய வேலிதான், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நான் சண்டை போட்டேன். நாள்கணக்கில் போட்டேன். என் மேலாளர், வேலி என்றால் பங்களா வாசலில் கத்தரித்துவிடுகிற செடி என்று நினைத்திருந்த மனுஷன், அதையெல்லாம் அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த அடுத்த சுற்று என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும்.

எல்லையைப் பற்றி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவதும் கழுத்தை நீட்டுவதும் எங்கள் பக்கம் ஒன்றுதான். இது பெங்களூருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும், கடவு வழியாகச் சோறு போகிற வீடுகள், நம் வீட்டில் பிரச்சினை வராது என்று நினைத்தேன். அண்ணன் அந்தக் கடவு வழியாகவேதான் போய்க் கேட்டான். மாப்ள, ஒரு கையெழுத்துப் போடு, வர்றதுல பாதி உனக்கு என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான். அதையே நீ போடேன் மச்சான், பாதி உனக்கு என்று மாமாவும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். சிரிப்பு அன்றோடு சரி. இன்றைக்குக் காசுக்காகப் போடுகிற கையெழுத்து நாளைக்குக் கோர்ட்டில் நிலத்துக்குச் சாட்சியாக வந்து நிற்கும் என்று யாரோ இரண்டு பேர் காதிலும் ஓதிவிட்டார்கள். ஓதியது தப்பும் இல்லை, வரத்தான் செய்யும். அந்தத் தொகையில் தீபாவளிக்கு வீட்டோடு துணி எடுக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் பெரிசில்லை. ஆனால் அதற்குள் சண்டை தொகையைத் தாண்டிப் போய்விட்டது. வேலி யாருடையது என்ற கேள்வியைக் கேட்டாகிவிட்டது. கேட்ட பிறகு கேட்காத மாதிரி இருக்க யாராலும் முடியவில்லை.

மாமா ஒரு சர்வேயரைக் கூட்டி வந்தார். சங்கிலி போட்டு அளந்ததில் எல்லை அண்ணனுடைய முருங்கை வரிசைக்குள் வந்தது. அதாவது வேலி முழுக்க மாமாவுடையது, வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டுப் பூமியும் அவருடையது. அண்ணன் வேறு ஒருவரைக் கூட்டி வந்தான். அவர் அளந்ததில் எல்லை அந்தப் பக்கம் மாமாவின் கடலைக்குள் போய்விட்டது. வேலி வச்சது எங்கப்பன் என்று அண்ணன் கத்த, எங்கம்மா நட்ட போத்து எத்தனைன்னு ஊருக்கே தெரியும் என்று மாமா கத்த, அத்தையும் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள் என்பது அங்கே யாருக்கும் நினைவு வரவில்லை. நான் போன் பண்ணி இரண்டு பேரிடமும் பேசினேன். இரண்டு பேரும் என்னிடம் மரியாதையாகப் பேசினார்கள், ஒரு அதிகாரியிடம் பேசுவது மாதிரி.

கடைசியில் அவர்கள் ஒத்துப்போனது ஒரு விஷயத்தில்தான். வேலி நிற்கிறவரை எல்லை தெரியாது, எடுத்துவிட வேண்டும். ஊர்ப் பெரிய மனிதர்கள் நடுவில் ஒரு கோடு பேசிக் கொடுத்தார்கள். ஜேசிபி வந்தது. வாடகை ஆளுக்குப் பாதி. கல்லுக்காலும் வலைக்கம்பியும் ஆளுக்குப் பாதி. என் திட்டத்தில் இருந்த அதே பாதி. சாப்ட்வேர் ஏற்காததை ஜேசிபிக்காரர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். வேலியைக் காப்பாற்றப் போட்ட திட்டம் இல்லாவிட்டால் அந்த வேலி இன்னொரு தலைமுறை நின்றிருக்கும். இதை நான் மெத்தப் படித்தவர்களின் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். அங்கே தலையை ஆட்டுவார்கள், சிலர் எழுதிக்கொள்வார்கள்.

அக்கா போனில் அழுத அன்றைக்கே பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது கிளுவைத்தூர்கள் வேரோடு குவிந்து கிடந்தன. வேலி நின்ற இடம் முழுக்கச் செம்மண் கிளறிக் கிடந்தது, கடவு எந்த இடம் என்றே எனக்கு அடையாளம் தெரியவில்லை. தேவாங்கு எதுவும் கிடந்ததா என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை என்றார்கள். அண்ணன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். இவ்வளவுக்குப் பிறகும் இவள் அதைத்தான் கேட்கிறாளே என்று அவன் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை.

மாமாவிடம் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. "வேலியில போன ஓணானப் புடிச்சு வேட்டிக்குள்ள விட்டாச்சு. இப்பக் குத்துது கொடையுதுன்னா என்னம்மா செய்ய?" என்றார். ஒரு கேட் வைக்கலாமே, அக்கா வந்து போக வசதியாக இருக்குமே என்று கேட்டேன். மச்சான் வந்து கேட்கட்டும், வைக்கிறேன் என்றார். திரும்பி அண்ணனிடம் வந்தேன். மாப்ள வந்து கேட்கட்டும் என்றான். ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் கேட்கிறேன் என்று சொன்னேன். அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரிக் கேட்டான்.

"கேட் வச்சா சாவி யாருகிட்ட இருக்கும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் சேர்த்து வைத்து அறைந்திருப்பேன். அந்தக் கேள்வியை அவனுக்குக் கற்றுக் கொடுத்ததே நான்தான்.

ரோட்டைச் சுற்றி வந்தால் வரலாம், யாரும் கட்டிப்போடவில்லை. தார் ரோடு ஏறி, டீக்கடையைத் தாண்டி, முன்வாசல் வழியாக. ஆனால் அப்படி வருவது விருந்தாளி வருவது. பேச்சு அறுந்துபோன வீட்டுக்குள் பெண் திரும்பி வரவேண்டும் என்றால் கூடப்பிறந்தவன் போய் அழைத்து வரவேண்டும். அண்ணன் அழைக்கவில்லை. அக்காவும் அழைக்காமல் வருகிற ரகம் இல்லை, அந்த விஷயத்தில் அவள் அப்பாவை உரித்து வைத்தவள். அம்மாவை அங்கே கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னேன். பெண் கொடுத்த வீட்டில் கூப்பிடாமல் கால் வைக்க மாட்டேன் என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாருக்கும் அவரவர் முறை இருந்தது. அம்மாவுக்குச் சாயங்காலச் சோறுதான் இல்லை. காலையில் வடித்ததை மதினி மூடி வைத்துவிட்டுப் போவாள், அம்மா ஆறிப்போனதைத் தனியாகத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

வலைக்கம்பி ஆளை விட உயரம். மேலே வேறு முள்கம்பி. தூக்குச்சட்டியை அதற்கு மேலே கொடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. வலைக் கண்ணுக்குள் நுழைகிற பண்டம் என்று பார்த்தால் முருங்கைக்காய் மட்டும்தான். மாமாவும் அண்ணனும் இல்லாத நேரம் பார்த்து அக்கா ஒவ்வொரு காயாக உள்ளே நீட்டுவாள், அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வாங்கிக்கொள்வாள். எங்கள் காட்டில் முருங்கை காய்த்துக் கொட்டிக் கிடக்கிறது. அம்மா அதைத் தொடுவதில்லை.

அலுவலகத்தில் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மாறாக, தோல்வியிலிருந்து கற்றது என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நன்றாகப் பேசினேன். பதவி உயர்வு வந்தது. சாப்ட்வேரையும் மாற்றிவிட்டார்கள், இப்போது இரண்டு பெயர் போடலாம், கையெழுத்து எதுவும் வேண்டாம். கன்னிவாடிப் பக்கம் திட்டம் ஒழுங்காக நடக்கிறது. வேலிகள் நிற்கின்றன, தேவாங்கும் இருக்கிறது. என் தொழில் வெறும் பொய் என்று சொல்லிவிட முடிந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அப்படிச் சொல்ல முடியவில்லை. நாங்கள் செய்த தப்பு திருத்தப்பட்டுவிட்டது, திருத்துவதற்கு வேண்டிய பாடத்தை என் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். கூடப்பிறந்த பெண்களுக்கு அண்ணன் பொங்கல் சீர் கொண்டுபோய் வைக்க வேண்டும். எனக்கு உரியதைப் பணமாக முன்பே போனில் அனுப்பிவிட்டான், பெங்களூர் தூரம் என்பதால். கூப்பிடு தூரத்தில் இருப்பவளுக்குக் கரும்பு, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து ஒன்றும் போகவில்லை. நானாவது வாங்கிக் கொண்டுபோய் வைக்கிறேன் என்று ரோட்டைச் சுற்றிப் போனேன். அக்கா காபி போட்டுக் கொடுத்தாள், பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். சீரைத் தொடவில்லை. உங்கிட்டருந்து நான் எதுக்கு வாங்கணும் என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கரும்பைத் தோளில் சாத்திக்கொண்டு, வெல்லப்பையோடு டீக்கடையைத் தாண்டித் திரும்பி நடந்தேன். கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தி, நான் போன பிறகு மறுபடி ஆரம்பித்தார்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாள் கறிநாள். மதினி பிள்ளைகளோடு அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள், அவளுக்குப் போக வழி இருந்தது. மத்தியானம் கம்பி ஓரத்தில் அக்காவின் வளையல் சத்தம் கேட்டது. அம்மா எழ முடியாமல் என்னைப் போகச் சொன்னாள். அக்கா முருங்கைக்காயை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே, கருவாட்டை வெந்நீரில் அலசு, புளியைக் குறைத்துக் கரை, காய் பாதி வெந்த பிறகு கருவாட்டைப் போடு என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கருவாட்டுக் குழம்பு அவள் கைக்குப் பேர் போனது. நான் அவள் சொன்ன மாதிரியே செய்தேன். புளிப்பு தூக்கலாகப் போய்விட்டது, காயும் குழைந்துவிட்டது. சட்டியைப் பார்த்ததுமே எனக்கு அழுகை வந்தது.

அம்மா போட்டதைச் சாப்பிட்டு முடித்தாள், மறுபடி கேட்கவில்லை. அண்ணனுக்கும் போட்டேன். தட்டில் கிடந்த முருங்கைக்காயை அவன் விரலால் ஒதுக்கினான், பார்த்தான், பிறகு எடுத்துச் சப்பித் துப்பினான். எங்கள் காட்டுக் காய் கட்டை, அத்தை காட்டுக் காய் நீளம். முருங்கை வைத்திருக்கிறவனுக்கு அது தெரியாதா. இன்னும் கொஞ்சம் ஊற்று என்றான். கை கழுவிவிட்டு வாசலில் போய்த் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டான்.

அம்மா தட்டை என்னிடம் நீட்டி, "அவகிட்டப் போயிச் சொல்லு. அவ வச்ச மாதிரியே இருந்துச்சுன்னு சொல்லு" என்றாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அச்சு அசல் உன் குழம்புதான், அம்மா ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள் என்று. என் பின்னால் வாசலில் அண்ணன் படுத்திருப்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அவனுக்கும் எங்கள் பேச்சு காதில் விழுகிற தூரம்தான். அக்கா குரலைத் தாழ்த்தவில்லை.

"அண்ணன் சாப்ட்டுச்சா?" என்று கேட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் துண்டை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். சாப்பிட்டான் என்று சொன்னேன். அன்றைக்கு அவளிடம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.